மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு சர்க்கரை, முட்டிவலி என்றுதான் தொடங்குகிறது. போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் பழைய பள்ளித் தோழிகள் நான்கு பேர் உட்கார்ந்தபோதும் அப்படித்தான் தொடங்கியது. ரசம் வருவதற்குள் பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டது. ஒருத்தியின் மகளைப் பள்ளியிலிருந்து ஒரு வாரம் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அனுப்புகிறார்களாம். வேலை பார்ப்பவர் பின்னாலேயே நின்று, அவர் என்னென்ன செய்கிறார் என்று பார்த்து வர வேண்டும்.

"நம்ம காலத்துலயும் இருந்துச்சு லா. நீ கோர்ட்டுக்குப் போனல்ல?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

ஆமாம், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்தேன்.

நன்றாக இல்லை. அந்த ஐந்து நாளும் நான் பயந்துகொண்டே இருந்தேன். அந்தப் பயத்தில் ஒரு பங்கு இன்னும் என்னோடு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். எந்த ஊர்க் கோர்ட் என்று சொல்லப் போவதில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம், அவ்வளவுதான். நான் சொல்லப்போகும் மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

அப்போது எனக்குப் பதினாறு வயது, நான்காம் படிவம். பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஆலோசனை ஆசிரியை பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார். வங்கி, கிளினிக், ஹோட்டல் சமையலறை, அச்சகம், கோர்ட். ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ஒரு மாணவியின் பெயர் இருந்தது. தமிழிலும் மலாயிலும் எனக்கு நல்ல மதிப்பெண் என்பதால் என்னைக் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஓர் அம்மாவோடு போட்டிருந்தார். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தார்.

அப்பா ரயில்வேயில் வேலை. நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அவர் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நல்ல வீட்டுப் பிள்ளைகள் கோர்ட் வாசலை மிதிப்பதில்லை என்றார். வேறு எங்காவது மாற்றிக் கொடுக்கச் சொல் என்றார். நான் ஆசிரியையிடம் மாற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பட்டியலில் என் பெயரைப் பார்த்ததிலிருந்து எனக்கு அது ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. அதை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

அப்பாவின் கையெழுத்து சுலபம். முதல் எழுத்து பெரிதாக, மீதி ஒரே கோடு, கடைசியில் ஒரு சுழி. கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்துப் பதினைந்து தடவை போட்டுப் பழகினேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளித் தாளில் போட்டேன். காலண்டர் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினேன். வீட்டில் கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

பயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

மொழிபெயர்ப்பாளரை நான் ஆன்டி என்று கூப்பிட்டேன். ஐம்பதை நெருங்கியவர். சேலைக்கு மேல் ஒரு கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். கோட்டிலிருந்து ரசகற்பூர உருண்டை வாசனை வரும். அது இல்லாவிட்டால் தலைவலித் தைல வாசனை. கோர்ட் அறையில் அப்படி ஒரு குளிர். நீலப் பினபோரும் அரைக்கைச் சட்டையும் போட்டிருந்த எனக்கு முதல் நாளே பல் கிட்டியது. வாசலில் ஒரு வயதான மலாய்க்காரப் போலீஸ்காரர் நின்றார். உள்ளே பேசினால் கீழே லாக்கப்பில் போட்டுவிடுவேன் என்று என்னைப் பார்த்துச் சிரிக்காமல் சொன்னார். சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார். சின்னப் பெண் பயப்படுகிறாளே என்று பேச்சுக் கொடுத்திருக்கலாம். நான் அதை அப்படியே நம்பினேன். பொய்க் கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணுக்கு அது விளையாட்டாகத் தெரியாது.

ஆன்டி எனக்குச் சொன்ன விதிகளும் அதே மாதிரி இருந்தன. மாஜிஸ்திரேட் உள்ளே வந்தால் எழுந்து குனிய வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய் இரும வேண்டும். என்ன கேட்டாலும் பார்த்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அவருக்குப் பின்னால் சுவரை ஒட்டி எனக்கு ஒரு மர நாற்காலி போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு கால் குட்டை. அசைந்தால் சத்தம் வரும் என்று நான் அசையாமலே உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதலில் கேட்டது சங்கிலிச் சத்தம். ரிமாண்டில் இருந்தவர்களை இரண்டிரண்டு பேராகக் கைவிலங்கில் இணைத்துப் பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டி வந்தார்கள். சிலருக்குக் காலில் செருப்பு இல்லை. ஒருவர் எங்கள் தெருவில் பத்திரிகை போடுகிறவர் ஜாடையில் இருந்தார். அவர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்க்க வந்தவள் நான். ஆனாலும் என்னைத்தான் யாரோ பிடித்துக் கொண்டு வந்து உட்கார வைத்த மாதிரி இருந்தது.

ஆன்டி வேலை செய்வதைப் பார்க்கும்போது மட்டும் பயம் கொஞ்சம் விலகும். மாஜிஸ்திரேட் மலாயில் பேசுவார். அவர் முடிப்பதற்குள் ஆன்டி தமிழில் தொடங்கிவிடுவார். கூண்டில் நிற்பவர் தமிழில் அழுதுகொண்டே பத்து வாக்கியம் சொல்வார். ஆன்டி அழாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், மலாயில் சொல்லி முடிப்பார். அப்போதெல்லாம் மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் கையால் எழுதுவார். அவர் பேனா நிற்கும் வரை அறையில் எல்லோரும் காத்திருப்பார்கள். அந்தப் பேனாவின் கீறல் சத்தமும் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும்தான் கேட்கும். இந்தக் காலத்தில் எல்லாம் ஒலிப்பதிவு என்கிறார்கள். அன்றைக்கு எழுதப்பட்டதுதான் சொன்னது. எழுதப்படாததை யாரும் சொல்லவே இல்லை.

புதன்கிழமை என் பென்சில் பெட்டி விழுந்தது. தகரப் பெட்டி. மூடி திறந்து, அடிக்கோல், அழிப்பான், கூராக்கி எல்லாம் மாஜிஸ்திரேட் மேசை வரைக்கும் உருண்டு போயின. மாஜிஸ்திரேட் இளம் வயதுப் பெண். தலையில் வெளிர் நிறத் துடுங் முக்காடு, மூக்குக் கண்ணாடி. எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் குனிந்து பொறுக்கவில்லை. ஆன்டிதான் மெதுவாகப் போய்ப் பொறுக்கி வந்து என் மடியில் வைத்தார். அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு நான் வெளியே எடுக்கவே இல்லை. இப்போது எங்கே போனதோ தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பார், இன்றைக்கு எத்தனை நோயாளி வந்தார்கள் என்று. நான் காய்ச்சல்காரக் குழந்தை, கையைச் சுட்டுக்கொண்ட பாட்டி என்று ஆட்களை உண்டாக்குவேன். அம்மா அவர்களுக்காக வருத்தப்படுவார். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், அந்தப் பாட்டிக்குக் கை ஆறிவிட்டதா என்று கேட்டார். நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வந்த வழக்கைத்தான் சொல்ல வேண்டும்.

கூண்டில் நின்றவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். முப்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். மலாய் ஒரு வார்த்தையும் தெரியாது. அவருக்கு வக்கீல் இல்லை. கடையில் அவருக்கு மேலே இருந்த சூப்பர்வைசரை, ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியால் தலையில் அடித்தார் என்று வழக்கு. கொக்கி வைத்த நீளமான கம்பி, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சூப்பர்வைசர் தலையில் தையல் போட்ட தழும்போடு முன்பே வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு இவருடைய முறை.

ஆறு மணிக்குக் கடை அடைக்கும்போது பின்பக்கப் படியில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது, சூப்பர்வைசர் வழுக்கி விழுந்துவிட்டார், அதற்கு முன்னால் தங்களுக்குள் வாய்ச்சண்டை நடந்தது உண்மை, ஆனால் தான் கை வைக்கவில்லை என்று அவர் சொன்னார். ஆன்டி அதையெல்லாம் சரியாகவே சொன்னார். பிறகு வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் எழுந்து கேள்வி கேட்டார். தடித்த மனிதர், குரல் மட்டும் மெதுவாக இருக்கும். சண்டை நடந்தபோது கம்பி உன் கையில்தானே இருந்தது என்று மலாயில் கேட்டார். ஆன்டி தமிழில் கேட்டார்.

"ஆமாங்க," என்றார் கூண்டில் இருந்தவர்.

அந்தக் கம்பியை என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி.

"சாத்திட்டேங்க," என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் ஆன்டி சொல்லிவிட்டார்.

"சாயா புக்குல்."

அடித்தேன் என்று அர்த்தம். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார், போதும் என்கிற மாதிரி. வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். மாஜிஸ்திரேட்டின் பேனா ஓடியது. கூண்டில் இருந்தவர் பாதியில் நிறுத்திய வாயோடு ஆன்டியையும் மாஜிஸ்திரேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டினார்.

எங்கள் வீட்டில் விளக்குமாற்றைச் சாத்தி வைப்போம். குடையைச் சுவரில் சாத்துவோம். மடக்கு மேசையை அலமாரி ஓரமாகச் சாத்துவார் அப்பா. தெருப் பையன்கள் சண்டைக்குப் பிறகு, நல்லா சாத்திட்டான் என்று பேசுவதும் எனக்குத் தெரியும். இரண்டும் எனக்குத் தெரிந்திருந்ததுதான் வினை. அவர் சொன்ன விதம் எனக்குக் காதில் நின்றது. அடித்தவன் பேசும் குரல் இல்லை அது. கையில் இருந்த சாமானை வைத்துவிட்டு வந்தவன் சொல்லும் குரல்.

மதிய இடைவேளைக்கு எல்லோரும் எழுந்தோம். இரண்டரைக்குத் தீர்ப்பு என்றார்கள்.

கோர்ட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கேன்டீன். ஆன்டி எனக்கு மீ கோரேங் நூடுல்ஸும் ஐஸ் போட்ட தே ஓ தேநீரும் வாங்கிக் கொடுத்தார். காலையிலிருந்து மூன்று வழக்கு முடிந்துவிட்டதில் அவருக்குத் திருப்தி. பசியாறு, ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறாய் என்றார். நான் மீயைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் ஓடியது. வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. போலீஸ்காரர் வாசலில் நிற்கிறார். என் கையெழுத்துத் தாள் ஆன்டியின் கோப்பில் இருக்கிறது. யாராவது என்னைக் கவனித்தால் அந்தத் தாளை எடுப்பார்கள். அப்பாவைக் கூப்பிடுவார்கள். அந்தக் கூண்டில் நான் நிற்பேன். பதினாறு வயதில் இதெல்லாம் வரிசையாக நடக்கும் என்றுதான் தோன்றியது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். அதைப் பற்றி நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். அந்த ஆளின் பாதி திறந்த வாய் கண்முன் வந்துகொண்டே இருந்தது.

"ஆன்டி," என்றேன். "உங்க வீட்டுல விளக்குமாத்த எங்க வைப்பீங்க?"

"என்ன கேள்வி இது? கதவுக்குப் பின்னால."

"எங்க வீட்டுல சாத்தி வைப்போம்."

அவர் கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் மேசை மேலிருந்த சட்னி பாட்டிலைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"நீ சின்னப் புள்ள," என்றார் கடைசியில். "இருவத்தோரு வருசமா நான் இந்த வேலை பாக்குறேன். கோர்ட்டுல சாத்துனேன்னா அடிச்சேன்னுதான். எத்தனை பேரு சொல்லி நான் கேட்டிருக்கேன்."

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அவர் போனது எங்கே என்று தெரியாது. ஒருவேளை போலீஸ்காரரிடம் சொல்லப் போயிருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். பெண்கள் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். வெளியே யாரோ முகம் கழுவும் சத்தம் கேட்டது. குழாய் நீண்ட நேரம் ஓடியது. நான் கதவைத் திறந்தபோது கண்ணாடி முன்னால் ஆன்டி நின்றிருந்தார். முகத்தில் தண்ணீர். பொட்டு அழிந்திருந்தது. கைப்பையிலிருந்து புதுப் பொட்டை எடுத்து ஒட்டப் பார்த்தார். இரண்டு தடவை எடுத்து ஒட்டியும் அது நேராக நிற்கவில்லை. பெரியவர்கள் பயப்படுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. என் பயமெல்லாம் அப்போது பெரிதாகிப் போனது. இனிமேல் யாரிடம் போய் நிற்பது என்கிற மாதிரி.

"வா," என்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

இரண்டரை மணிக்கு மாஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்ததும் ஆன்டி எழுந்து நின்றார். காலையில் தான் மொழிபெயர்த்த ஒரு பதில் தவறாக இருக்கலாம், அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, மறுபடியும் கேட்க அனுமதி வேண்டும் என்று மலாயில் சொன்னார். வழக்கமான குரல்தான். கோட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த கையைப் பின்னால் இருந்த நான் மட்டும் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இடைவேளையில் யாரோடு பேசினீர்கள் என்று கேட்டார். ஆன்டி மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். பிறகு, என்னோடு வந்திருக்கும் மாணவிதான் கவனித்துச் சொன்னாள் என்றார். இவள் யார், யார் அனுமதியில் வழக்கு நடக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மாஜிஸ்திரேட் என் தாளைக் கேட்டு வாங்கினார்.

அந்தத் தாள் ஆன்டியின் கோப்பிலிருந்து மேசைக்குப் போன தூரம் பத்தடி இருக்கும். எனக்குக் காது அடைத்துவிட்டது. என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நாற்காலியின் குட்டைக் கால் தட்டென்று தரையில் விழுந்தது.

மாஜிஸ்திரேட் தாளைப் படித்தார். பெயர், பள்ளி, வயது கேட்டார். சொன்னேன். பிறகு மெதுவாக, நீ இங்கே இருப்பது உன் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் சாதாரணக் கேள்வியாகத்தான் இருந்திருக்கும். நான் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தெரியாது, புவான்," என்று மலாயில் சொன்னேன். "நானே கையெழுத்துப் போட்டேன்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கையை விரித்து, இந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்டா என்பது போல மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். ஆன்டி திரும்பி என்னைப் பார்த்தார். பினபோர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. அழுகை வருவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும் போலிருக்கிறது.

மாஜிஸ்திரேட் தாளை மடித்துத் தன் புத்தகத்துக்கு அடியில் வைத்தார். உட்கார் என்றார். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டது வேறு விஷயம், அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். மறுபடியும் கேளுங்கள் என்று ஆன்டிக்குத் தலையசைத்தார்.

"அந்தக் கம்பிய என்ன செஞ்சீங்க? மெதுவா, முழுசா சொல்லுங்க," என்றார் ஆன்டி.

"அதான் அப்பவே சொன்னேங்களே," என்றார் அந்த மனிதர். "சுவத்துல சாத்திட்டு, அவரத் தூக்கி விடப் போனேங்க."

ஆன்டி அதை மலாயில் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மாஜிஸ்திரேட் முந்தைய பக்கத்தைப் புரட்டி ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். புதிதாக எழுதினார். தீர்ப்பைத் தள்ளி வைத்தார். அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. போலீஸ்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, வழக்கு முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனார்.

அன்றைக்கு ஆன்டி என்னோடு இரண்டு பஸ்ஸும் ஏறி வீடு வரைக்கும் வந்தார். அப்பா முன்கட்டில் காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆன்டி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். கையெழுத்தையும் மறைக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து, அப்படியானால் அந்தக் கையைச் சுட்டுக்கொண்ட பாட்டி என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்பா அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அப்பா அடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆன்டியிடம், நாளைக்கும் அவள் வர வேண்டுமா என்று கேட்டார். கடைசி நாள், வந்தால் நல்லது என்றார் ஆன்டி. அப்பா உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தார். எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். தாள் மாஜிஸ்திரேட்டிடம் இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தார்.

அவர் ஏன் கோர்ட் வேண்டாம் என்றார் என்று நான் கடைசி வரை கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. அவருடைய பயமும் என்னுடையதைப் போல ஏதோ ஓர் அறையிலிருந்து வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆன்டி வேறு ஆளாக இருந்தார். யார் எதைச் சொன்னாலும், "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டார். ஒரு பதிலுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஓய்வு பெறும் வரைக்கும் ஆன்டி அப்படியேதான் வேலை பார்த்தார் என்றும், அவரை மெதுவான ஆன்டி என்று வக்கீல்கள் கேலி செய்வார்கள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். மளிகைக் கடையில் வேலை பார்த்தவரைச் சில வாரம் கழித்து விடுதலை செய்தார்கள். ஆலோசனை ஆசிரியை வகுப்பில் வந்து சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குள் அந்த மனிதருடைய பெர்மிட் முடிந்திருந்தது. ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். தன்னை ஒரு சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோக இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. தோழிகளிடம் சொல்ல வேண்டுமென்றால் இதுவரைக்கும் சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் ஆன்டியும் நானும் நின்றிருந்தோம். மழை வரும் போல இருந்தது. அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"இந்த அஞ்சு நாளுல," என்றார், "வேற எதாச்சும் கேட்டியாம்மா? நான் தப்பா சொன்னது?"

இந்த எழுத்தில் திங்களைச் சொன்னேன், புதனைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அன்றைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வீட்டு வேலைக்காரி. முதலாளி வீட்டுச் சங்கிலியை எடுத்துவிட்டாள் என்று குற்றச்சாட்டு. ஆன்டி அதைத் தமிழில் படித்துக் காட்டி, புரிகிறதா, குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று ஒரே மூச்சில் கேட்டார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க," என்றாள். ஒப்புக்கொள்கிறாள் என்று ஆன்டி சொன்னார். பேனா ஓடியது. சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மாதச் சிறை. போலீஸ்காரப் பெண் கையைப் பிடித்தபோதுதான் அவள் தலையை உயர்த்தி, யாரிடமாவது ஏதாவது கேட்கலாமா என்கிற மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் என்னைக் கடந்து போனது.

சரிங்க என்றால் ஒப்புக்கொள்கிறேன் என்றும் இருக்கலாம். நீங்கள் சொல்வது காதில் விழுந்தது என்றும் இருக்கலாம். அம்மா கடைக்குப் போகச் சொன்னால் நான் சரி என்பேன், போக மாட்டேன். எனக்கு அன்றைக்கே உறுத்தியது. உறுதியாகத் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன். வியாழக்கிழமைச் சொல்லும் எனக்கு உறுதியாகத் தெரியாதுதான்.

ஆன்டி என் பதிலுக்காகக் காத்திருந்தார். முந்தின நாள் கண்ணாடி முன்னால் பார்த்த அதே முகம். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

"இல்ல ஆன்டி," என்றேன்.

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் தலையில் கையை வைத்துவிட்டு, பத்திரமாகப் போ என்றார். நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பஸ் நகரும்போது அவர் சிரித்துக்கொண்டு கையசைத்தார். ஐந்து நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் கையசைத்தேன்.